இருக்கன்குடிக்கு ஒரு நேர்த்திக்கடன்

விருதுநகர் ஸ்டேஷன் வரும்போதே விழித்துக்கொண்டு விட்டேன். விழிக்காமல் என்ன செய்வது? அடுத்தது சாத்தூர். அங்கே நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்பது சொற்ப நேரம். அதற்குள் ஒரு பெட்டி, இரண்டு பை, அக்காவுக்கென்று சென்னையிலிருந்து தூக்கி வந்த வெண்கல உருளி, இவற்றோடு நானும் இறங்கியாக வேண்டும். பெட்டி இறங்கி நான் தங்கிப்போன அநுபவம் ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

விருதுநகரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிடி அரிசி ஞாபகம் வரும். அவ்வூரில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. அந்தக் காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பார்களாம். சேர்ந்த அரிசி பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்களின் கை அந்த அரிசிப் பானைக்குள் போயிருக்கும்! நாம் இன்று ஒரு பிடி அரிசியையா கொடுக்கிறோம்? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் கிளம்பி வந்ததற்குக் காரணம் அக்காவின் டெலிபோன். "உன் மக பரீட்சையில தேறிட்டாடி. இனி நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாகளாம். இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்கு வைக்கிறதா வேண்டியிருக்கேன். நீ வந்தாத்தான் நடக்கும்" என்றாள். அக்கா மகள் எனக்கு மகள்தானே!

என்ன பரீட்சை என்று கேட்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை நேராகச் சேர்த்துக்கொண்டு ஐந்து வருஷம் வியாபார நிர்வாகம் சொல்லிக் கொடுக்கும் படிப்பு ஒன்றை இந்தூரிலுள்ள ஐ.ஐ.எம். 2011-இல் ஆரம்பித்தது. அதுவரை ஐ.ஐ.எம். என்றால் பட்டம் வாங்கிய பிறகுதான் வாசலை மிதிக்கலாம். பிறகு 2019-இல் ரோத்தக்கும், 2021-இல் புத்த கயையும் ஜம்முவும் இதே மாதிரி தொடங்கின. இந்தூரில் இருப்பதோ நூற்றைம்பது சொச்சம் இடங்கள். எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கணக்கில் இரண்டு பகுதி, இங்கிலீஷில் ஒரு பகுதி, பகுதிக்கு 40 நிமிஷம். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு நேரத்தைக் கடன் வாங்க முடியாது. இதில் தேறியவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசிப் பார்க்கிறார்கள். அங்கேதான் எல்லாரும் சொல்கிற அந்த வார்த்தை வருகிறது: 'தனியாகத் தெரிய வேண்டும்!' எல்லாருமே மார்க் வாங்கியவர்கள், எல்லாருமே கெட்டிக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் சாத்தூர்ப் பெண் ஒருத்தி எப்படித் தனியாகத் தெரிவது?

அக்கா வீட்டு முன்னறையில் சாக்குப் போட்டு மூடிய நாலு கைமிஷின்கள் இருக்கின்றன. சாத்தூர் என்றால் நமக்கு வெள்ளரிப் பிஞ்சும் கார சேவும்தான் ஞாபகம் வரும். ஆனால் பேனா நிப் என்றால் சாத்தூர் என்று பேர் வாங்கிய காலமும் ஒன்று உண்டு. எஃகுத் தகட்டை அச்சில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் இலை மாதிரி ஒரு துண்டு விழும். பிறகு அதில் துளை போட வேண்டும், வளைக்க வேண்டும், நுனியைப் பிளக்க வேண்டும், தேய்த்து மெருகேற்ற வேண்டும். குடிசைத் தொழிலாக எத்தனையோ குடும்பங்கள் இதில் பிழைத்தன. பந்துமுனைப் பேனா வந்தது. எழுதித் தீர்ந்ததும் தூக்கி எறிகிற பேனாவுக்கு நிப் எதற்கு? அத்தானின் மிஷின்களும் சாக்குக்குள் போயின. இப்போது அவர் பஜாரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். சோப்பு, தீப்பெட்டி, நோட்டுப் புத்தகம் எல்லாம் உண்டு. ஆடி மாதம் மட்டும் இருக்கன்குடியில் பந்தல் போட்டுச் சேவு வியாபாரம்.

"இன்னும் ரெண்டு பேரு கேக்கிறாகம்மா. கையெழுத்து அழகா எழுதறவங்களுக்கு வேணுமாம்" என்றார் அத்தான், சாக்கைத் தட்டிக்கொண்டே. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை வெயில் ஏறுமுன்பே டவுன் பஸ் பிடித்தோம். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி ஏழு கிலோமீட்டர் போல இருக்கும். ஊர் தாண்டியதும் இரு பக்கமும் கரிசல் காடு. ஆனி மாதத்தில் அது வெடித்து, வாய் பிளந்து கிடக்கிறது. நடுநடுவே சீமைக் கருவேலம், நடுநடுவே தகரக் கூரை போட்ட தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், 'ஆபீஸ்' என்றுதான் பேர். காற்று இருக்கிறதே, அடாடா! ஆடிக்காற்று ஆனியிலேயே வந்துவிட்டது. என் கொண்டை அவிழ்ந்து, மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஊருக்குப் புதுசா தாயி?" என்று கேட்கும்படி ஆயிற்று.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில், இரண்டு ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது கோயில். இரு கங்கைகள் சூழ்ந்த குடி ஆகையால் 'இரு கங்கைக் குடி' என்பது இருக்கன்குடி ஆயிற்று என்கிறார்கள். நாங்கள் போனபோது கங்கைகள் இரண்டும் மணலாகத்தான் இருந்தன. மணலில் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தாளாம். திரும்ப எடுக்கப் போனால் கூடை அசையவில்லை. அவளுக்கு அருள் வந்து, 'நான் இங்கே மண்ணுக்குள் இருக்கிறேன்' என்று அம்மன் சொன்னாளாம். தோண்டிப் பார்த்தார்கள், சிலை இருந்தது. இதுதான் தலக் கதை. பெரிய ராஜாவோ முனிவரோ வராத கதை. வறட்டி தட்டிப் பிழைக்கிற ஒருத்தியின் கூடையில் தொடங்குகிற கதை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இங்கே நிற்க இடம் இராது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நடந்தே வருவார்கள். தைக் கடைசி வெள்ளியும், பங்குனிக் கடைசி வெள்ளியும் விசேஷம். கண் நோவு வந்தவர்கள் கண்மலர் வாங்கிக் காணிக்கை போடுவார்கள். நோய் தீர வேண்டிக் கோயிலிலேயே தங்கி 'வயனம்' காப்பவர்களும் உண்டு. அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை, முடிக் காணிக்கை என்று எல்லாம் இங்கே உண்டு. அன்று சாதாரண வெள்ளி ஆனதால் மாவிளக்குக்கு இடம் கிடைத்தது. அக்கா இடித்துக் கொண்டுவந்த மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டாள்.

சந்நிதியில் நின்றபோது அக்கா மகள் என் காதோடு காதாக, "சித்தி, மத்த ஊர் மாரியம்மன் இடது காலை மடக்கியிருப்பா. இங்க மட்டும் வலது காலை மடக்கி, இடது காலைத் தொங்கவிட்டிருக்கா, பாத்தீங்களா? இதுதான் 'தனியாத் தெரியறது'!" என்றாள்.

அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. "அவ, அவ வசதிக்கு உக்காந்திருக்கா. நீ கும்பிடுத வேலையைப் பாரு" என்றாள்.

கும்பிட்டாள். ஆனால் அவள் உதடு முணுமுணுத்தது அம்மன் பேரை அல்ல, ஏதோ இங்கிலீஷ்! வெளி மண்டபத்துக்கு வந்ததும் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். நேர்காணலில் முதல் கேள்வி வழக்கமாக 'உன்னைப் பற்றிச் சொல்' என்பதுதானாம். அதற்கு ஒப்பிக்க வேண்டிய பதில் ஒரு முழுப் பக்கம். அவள் எழுதியது அல்ல. பிள்ளைகளைப் 'பிரகாசிக்கச்' செய்து தருகிறேன் என்று பெரிய ஊரில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தது. கட்டணம் 45,000 ரூபாய். அதற்காக அக்காவின் கையிலிருந்த இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. வெறும் கையைப் பார்த்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். முந்தாநாள் அந்தப் பிடி அரிசியை நினைத்தேன் அல்லவா? அது பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. இந்த வளையல் எங்கே போயிற்று என்று பாருங்கள்.

காகிதத்தில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. அவள் சிறு வயது முதலே சமூக மாற்றத்தில் வேட்கை கொண்டவளாம். பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பெண் குழந்தைகள் நூறு பேருக்கு வாசிப்பு இயக்கம் ஒன்றை ஸ்தாபித்து நடத்துகிறவளாம். தலைமைப் பண்பு உடையவளாம்.

"இது எப்போ?" என்று கேட்டேன்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் புஸ்தகம் கொடுத்தோம் சித்தி. போட்டோ எடுத்தாங்க."

"அந்தக் குழந்தைகள்லே ஒருத்தி பேரைச் சொல்லு."

பேசவில்லை. காற்றில் காகிதம் படபடத்தது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் நான் கேட்காவிட்டால் அங்கே யாரோ கேட்கப் போகிறார்கள். இம்மாதிரிக் காகிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் விழுகிற நிப் மாதிரிதானே இருக்கும்? இதே இயக்கத்தை இன்னும் எத்தனை பிள்ளைகள் ஸ்தாபித்திருக்கிறார்களோ! தனியாகத் தெரிவதற்காகக் காசு கொடுத்து, எல்லாரையும் போல ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வளையலை வச்சு வாங்கின காகிதம்டி அது! நீ பாட்டுக்கு நொட்டை சொல்லுதியே. வேற என்னத்தச் சொல்லுவா? எங்கப்பா நிப்பு அடிச்சாரு, இப்போ சேவு விக்காருன்னா? சிரிக்க மாட்டாகளா?"

அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார். "அந்த நோட்டை எடுத்துக் காட்டு" என்றார் மகளிடம்.

மாவிளக்குச் சாமான் கொண்டுவந்த பையின் அடியிலிருந்து எண்ணெய்க் கறை பிடித்த ஒரு நோட்டு வந்தது. இந்த ஆடிக்கு என்னென்ன வாங்குவது என்று பந்தல்காரரோடு பேசுவதற்காக அத்தான் எடுத்து வந்திருந்தார். உள்ளே பென்சில் எழுத்து, மகளுடையது.

முதல் வருஷம் பந்தல் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்ததாம். சரியாக விற்கவில்லை. அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது இரண்டு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். "போறப்ப யாரும் வாங்க மாட்டாங்க சித்தி. கையில தேங்காய்த் தட்டு, அக்னிச்சட்டி, பச்சைப் பிள்ளை. திரும்பி வர்றப்பதான் வீட்டில இருக்கிறவங்க ஞாபகம் வரும். அதுவும் அரைக் கிலோ கேக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணுன்னு கால் கிலோவா நாலு கேப்பாங்க." பந்தலைப் பஸ் நிற்கிற பக்கம் மாற்றச் சொன்னது அவள்தான். பொட்டலத்தைக் கால் கிலோ ஆக்கியதும் அவள்தான். அந்த வருஷம் விற்பனை இரட்டிப்பு ஆயிற்று என்று நோட்டு சொல்கிறது.

அதற்கு அடுத்த பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. போன ஆடிக் கடைசி வெள்ளி. தைரியமாக 60 கிலோ வாங்கிவிட்டாள். வாங்கிய விலை 220, விற்கிற விலை 260. மத்தியானம் வரை 22 கிலோ போயிற்று. பிறகு வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சேவைத் தட்டில் மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். அத்தனையும் நமத்துப் போயிற்று. மீதி 38 கிலோவை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பில் சட்டியைப் போட்டு வெறுமனே வறுத்து, டீக்கடைகளுக்குக் கிலோ 120-க்குத் தள்ளினாராம் அத்தான். 'நட்டம் 2,920' என்று எழுதி, பக்கத்தில் 'காரணம்: மழை' என்று எழுதியிருந்தாள். பிறகு 'மழை' என்பதை அடித்துவிட்டு, 'குவிச்சு வச்சது. தார்ப்பாய் இல்லை. டின் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அந்த ஓர் அடித்தலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நட்டத்துக்கு மழையைக் காரணம் சொல்லாத பதினாறு வயசுப் பெண்!

"இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"இது தோத்த கதை சித்தி."

"உனக்குத் தெரிந்த கதை அல்லவா? அவர்கள் மேலே மேலே கேட்டாலும் பதில் இருக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மடை திறந்த மாதிரி வந்தது பேச்சு. கடையில் விற்கிற தீப்பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். 2007-இல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருஷம் அப்படியே இருந்து 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று. சிவகாசியில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். "ஏன் ஒண்ணேகால் ரூபாய் ஆக்கலே தெரியுமா? கால் ரூபாய் நாணயம்தான் இப்போ செல்லாதே! ஒரு ரூபாய்க்கு அடுத்து ரெண்டு ரூபாய்தான். ரெண்டு மடங்கு ஏத்தினா வாங்குவாங்களோன்னு பயம். அதனாலே மெழுகு விலை, அட்டை விலை எல்லாம் ஏறியும் பொறுத்துக்கிட்டு இருந்தாங்க." தூக்கி எறிகிற பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டியைச் சாய்க்கப் பார்த்ததும், 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய சர்க்கார் தடை போட்டதும் அவளுக்கு விரல் நுனியில் இருந்தன. "பந்துமுனைப் பேனா வந்தப்போ நிப்புக்கு யாரும் தடை போடலே, அப்பா" என்று முடித்தாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் 1881-ஆம் வருஷமே வியாபாரத்துக்கென்று ஒரு கல்லூரி ஏற்படப் பணம் கொடுத்தவர் ஜோசப் வார்ட்டன். நிக்கலும் இரும்பும் உருக்கிப் பணம் சேர்த்தவர். அங்கே சேர விரும்புகிற பிள்ளைகள் இன்றும் தங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிவகாசி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் ஊரில் தொழில் ஆரம்பித்தார்கள். முதலில் மிஷின் வரவழைத்தார்கள். அது சரிப்பட்டு வராமல் கைத்தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பெண்ணுக்குப் பேசுவதற்கு விஷயமா இல்லை?

அக்கா அரைமனசாக, "இங்கிலீஷிலே சொல்ல வருமா?" என்று கேட்டாள். அதுதான் உண்மையான பயம். பெண்ணுக்கும் அதே பயம். தமிழில் குதிரை மாதிரி ஓடுகிறவள் இங்கிலீஷில் நொண்டுகிறாள். அந்தப் பழைய காகிதத்தில் இருந்த சொற்களில் பாதியை அவள் வேறு எங்கும் உபயோகித்ததே கிடையாது. மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு, சேவுக் கதையைத் தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை நன்றாகவே வந்தது. 'நமத்துப் போச்சு' என்பதற்கு இங்கிலீஷ் என்ன என்று நாங்கள் நாலு பேரும் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில், "மொறுமொறுப்பு போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்று அவளே தீர்த்துவிட்டாள்.

அந்தக் காகிதத்தை என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கிழிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. மாவிளக்கு மாவை மடிக்க வேறு காகிதம் இல்லாததால் அதிலேயே மடித்துக்கொண்டு வந்தாள்.

நான் ஊர் திரும்பிப் பத்து நாளைக்கெல்லாம் நேர்காணல் நடந்தது. எதிரே இரண்டு பேர் இருந்தார்களாம். சேவுக் கதையைக் கேட்டுவிட்டு ஒருவர், "மழை வரும் என்று எண்ணி 20 கிலோ மட்டும் வாங்கி, மழை வராமல் போயிருந்தால் அது நட்டம் இல்லையா?" என்று கேட்டாராம். "அதையும் இப்போது நோட்டில் எழுதுகிறேன், திரும்பிப் போனவர்களை எண்ணி" என்றாளாம் இவள். அன்றைக்கு வரைக்கும் எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாளாம். ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள், பாதியில் நின்றுபோயிற்று. லைட்டர் தடை நியாயமா என்று கேட்டதற்கு, "எங்க ஊருக்கு நியாயம், வாங்கறவங்களுக்கு எப்படின்னு தெரியலே" என்று சொன்னாளாம்.

முடிவு இன்னும் வரவில்லை. அக்காவின் வளையலும் இன்னும் வரவில்லை. நேற்று டெலிபோனில் பேசினாள்.

"ஆடி பிறந்துட்டு. கடைசி வெள்ளிக்கு எத்தனை கிலோ போடலாம்னு உன் மககிட்ட கேட்டேன். 45 போதும்ங்கிறா. மூடி போட்ட டின் நாலு வாங்கியாச்சு, தார்ப்பாயும் வாங்கியாச்சு. நீ வாரியா?"

அன்று பந்தலில் உட்கார்ந்து திரும்பிப் போகிறவர்களை எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டுமாம். டிக்கட் வாங்கிவிட்டேன்.